பாஸ்டர் சொன்ன தீர்ப்பு

தீர்ப்புச் சொல்ல வேண்டிய பாஸ்டர், ஓக் மரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஊரே கூடி நின்றது. அவர் பாட்டுக்குத் தூங்கினார்.

"எழுப்புங்கப்பா, கறி ஆறுது!" என்று யாரோ கத்த, வெர்னா குனிந்து அவர் காதைத் திருகினாள். பாஸ்டர் எழுந்து, நான்கு கால்களையும் நீட்டிச் சோம்பல் முறித்து, வாலை ஒரு ஆட்டு ஆட்டினார்.

ஒரு நாய்க்கு இத்தனை மரியாதையா என்று கேட்காதீர்கள். கார்லண்டின் சுட்ட கறிக்கடை வாசலிலேயே படுத்து வளர்ந்த நாய் அது. சாப்பிடுகிறவர்கள் தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு ஐஸ் டீ வாங்கப் போவார்கள். திரும்பி வந்தால் கறி வைத்தது வைத்தபடி இருக்கும். பிள்ளைகள் போடும் சோளமாவு உருண்டைகளைத் தின்றே கொழுத்ததே தவிர, யார் தட்டிலும் வாய் வைத்ததில்லை. அந்த ஒழுக்கத்துக்காகத்தான் ஊர் அதற்குப் பாஸ்டர் என்று பெயர் வைத்தது. நிஜப் பாஸ்டருக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

போன வருடம் கார்லண்ட் இறந்தார். அன்றே கடைக்குப் பூட்டு விழுந்தது.

அதற்குப் பிறகு பைன் ஹாலோ ஊரில் நாலு பேர் சேர்ந்தால் வேறு பேச்சே கிடையாது. அந்த ஹிக்கரி விறகுப் புகை, சனிக்கிழமை சாப்பிட்டவனை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காட்டிக் கொடுத்துவிடும். முதல் வாய் வைத்ததும் காரம் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் கொட்டும். அந்தச் சாக்கில் தங்கள் துக்கத்தையும் சேர்த்து அழுதுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஊர் அந்தக் கடைக்காக ஏங்கிக் கிடந்தது.

கார்லண்டின் மனைவி வெர்னாவிடம் கடைச் சாவியைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கார்லண்டின் தம்பி டெல்மர். கேட்கும்போதே தன் முகம் வரைந்த பெயர்ப்பலகையை வண்டியில் ஏற்றி வைத்திருந்தார்.

இன்னொருத்தி மருமகள் ரொண்டா. மூன்று வருடம் மாமனாரோடு அந்த அடுப்பின் அனலில் நின்றவள். அவர் போன பிறகு அவள் கேட்டது அந்த அடுப்பை மட்டும்தான். ஆனால் அவள் டெக்சஸ்காரி. மாட்டுக்கறி ஊரில் பிறந்தவளுக்குக் இந்தக் கரோலினாவில் முழுப் பன்றியைச் சுடும் பக்குவம் வசப்படுமா என்று ஊருக்குச் சந்தேகம்.

"ஏன் வெர்னாக்கா, நீங்களே ஒரு வாய் தின்னு பாத்துச் சொல்லிடலாமே?" என்றார் முடிவெட்டுகிற ஹோரஸ்.

"நல்லா மாட்டி விடுறியே! மருமகளுக்குக் குடுத்தா கொழுந்தன் மூஞ்சியத் தூக்குவாரு. கொழுந்தனுக்குக் குடுத்தா மகன் வீட்டுப் பக்கமே வரமாட்டான். நீங்களோ ஆளுக்கொரு கட்சி." வெர்னா சாவியைத் தூக்கிக் காட்டினாள். "என் புருஷன் கைப்பக்குவம் யாருக்கு வந்திருக்குன்னு பாஸ்டர் காட்டிக் குடுத்துரும். அப்புறம் யாரும் பேசக் கூடாது. சம்மதமா?"

"எனக்குச் சம்மதம் அண்ணி. நாய் பொய் சொல்லாது," என்றார் டெல்மர். "ஏம்மா ரொண்டா, தோத்தா அழுது கிழுது வைக்காத. முட்டைக்கோஸ் நறுக்குற வேலைக்கு உன்னைய வச்சுக்கறேன்."

"நறுக்குறத அப்புறம் பாத்துக்கலாம் சின்ன மாமா. மூடியத் தொறங்க."

இரண்டு தட்டுகளும் புல்லில் இறங்கின. டெல்மரின் கறி, பாகு பூசியதுபோல் பளபளவென்றிருந்தது. ரொண்டாவின் கறியில் மிளகாய்ச் செதில்களைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

பாஸ்டர் முதலில் ரொண்டாவின் தட்டுக்குத்தான் போனது. குனிந்து மோந்து பார்த்தது. ஒரு தும்மல். இன்னொரு தும்மல். தலையை உதறிக்கொண்டு பின்வாங்கியது.

"த்சு த்சு," என்றது கூட்டம். ரொண்டா ஏப்ரன் நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டெல்மரின் தட்டில் பாஸ்டர் தலையே தெரியவில்லை. நக்கிய நக்கில் தட்டு புல்லில் கொஞ்ச தூரம் நகர்ந்தது. பிறகு டெல்மர் முன்னால் உட்கார்ந்து, இன்னும் உண்டா என்று முகத்தைப் பார்த்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" டெல்மர் நாயைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு, பலகையை எடுக்க வண்டிக்கு ஓடினார். ஊர் கை தட்டியது.

"மாமா சொல்லிக் குடுத்த மாதிரிதான் செஞ்சேன் அத்தை," என்றபடி ரொண்டா ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"கட்டியே இருக்கட்டும்," என்ற வெர்னா, சாவியை அந்த ஏப்ரன் பையில் போட்டாள்.

கைதட்டல் நின்றது. பலகையைத் தூக்கிக்கொண்டு வந்த டெல்மர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணி இது, அநியாயமா இருக்கு! பாஸ்டர் என் தட்டைத்தான் வழிச்சு நக்குச்சு. அவ தட்டுல நாக்கைக்கூட வைக்கல. ஊரே பாத்துச்சு! அது எப்பேர்ப்பட்ட ஒழுக்கமான நாய்!"

வெர்னாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒழுக்கமாம், ஒழுக்கம்! உங்க அண்ணன் கறின்னாலே அது இப்படித்தான் தும்மிட்டு ஓடும்!"