பன்னிரண்டாவது வரிசைப் பயணி

பயணிகள் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்ததும் கேப்டனின் விரல் நின்றது. தங்கையை விவாகரத்து செய்துவிட்டுப் போனவன்.

பணிப்பெண்ணை அழைத்தார்.

"பன்னிரண்டாவது வரிசையில ஜன்னலோரம் இருக்கிறவன் குடிச்சிருக்கான். இறக்கிவிடச் சொல்லு."

"அப்படித் தெரியலையே சார். அமைதியா பேப்பர் படிச்சிட்டிருக்கார்."

"கதவைச் சாத்திட்டா இங்க நான் வச்சதுதான் சட்டம். போம்மா."

துணை விமானி தலையைத் திருப்பாமல் கருவிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நிமிடத்தில் விமான நிலையப் பாதுகாப்பு அதிகாரி விமானி அறைக்குள் வந்தார். பின்னாலேயே டாக்டர்.

"சோதனை பண்ணாம இறங்க மாட்டேன்னுட்டார், கேப்டன். டாக்டர் ஊதச் சொன்னார். சுத்தமா ஒண்ணுமில்ல."

"சரி, தொலையட்டும். நேரமாச்சு, கிளம்பணும்."

அதிகாரி நகரவில்லை. "இன்னொண்ணும் சொன்னார். 'மூணு வருஷம் அவர் வீட்டு மாடியிலதான் குடியிருந்தேன். மச்சான் எதைக் குடிச்சிட்டு வேலைக்குக் கிளம்புவார்னு எனக்குத் தெரியும். அவரையும் ஒரு தடவை ஊதச் சொல்லுங்க'ன்னார்."

டாக்டர் ஊதும் கருவியில் புதுக் குழாயை மாட்டி கேப்டனிடம் நீட்டினார்.

குழாய் உதட்டருகே வந்தும் கேப்டன் வாயைத் திறக்கவே இல்லை.