புக்கெட் வாத்து

சுற்றுலாக் கப்பலில் தனியாக வந்து, நான்கு நாளும் எங்கள் மேசையில் சாப்பிட்ட சியூ எங் அம்மாவின் பை, சிங்கப்பூர் சுங்க மேசையில் திறந்து கிடக்கிறது. சாவிக்கொத்துகள், கிளிஞ்சல் ஆமை, எண்ணெய் ஊறிய காகிதத்தில் புக்கெட்டில் வாங்கிய வாத்து வறுவல். “இறைச்சி உள்ளே விடமாட்டாங்க ஆன்ட்டி, தூக்கிப் போடணும்,” என்கிறார் அதிகாரி ஹைரில். “என் வீட்டுக்காரருக்குப் படைக்க வாங்கினேன். அவர் தவறிப்போய் நாளைக்கு நூறு நாள். இங்கேயே படைச்சிடட்டுமா தம்பி?” ஹைரில் குப்பைத்தொட்டியின் மூடியைச் சாத்துகிறார். அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்து, கைப்பையில் இருந்த கணவரின் படத்தை அதன்மேல் சாய்த்து வைக்கிறார். கண்ணாடிச் சுவர் வழியே வரும் காலை வெயிலில் வாத்தின் தோல் மின்னுகிறது. சற்றுப் பொறுத்து, சீன வழக்கப்படி இரண்டு நாணயங்களைச் சுண்டிப் போடுகிறார். ஒன்று எண் பக்கமும் ஒன்று சின்னப் பக்கமுமாக விழுந்தால், போனவர் சாப்பிட்டு முடித்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டும் எண்ணாக விழுகின்றன. “இன்னும் எவ்வளவு நேரம்லா?” என்கிறது வரிசையில் ஒரு குரல். “இருங்க, அங்கிள் மெதுவா சாப்பிடட்டும்,” என்கிறார் ஹைரில். அந்த அம்மா மறுபடி சுண்டுகிறார். ஒன்று எண், ஒன்று சின்னம். பக்கத்தில் நிற்கும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவர் சட்டென்று இரண்டையும் உள்ளங்கையால் மூடிக்கொள்கிறார். “இன்னும் முடிக்கல தம்பி.”