அந்தச் சுவரை உடைக்காதீங்க

"என்னங்க, நேத்து உள்ளங்கை அளவுதானே இருந்துச்சு? இன்னைக்கு முறம் அளவுக்கு ஈரம் ஏறியிருக்கே!"

மேஸ்திரியின் மனைவி சுவரின் மூலையைக் காட்டினாள். மேஸ்திரி சுவரோரம் குந்தி உட்கார்ந்து, கருத்துப்போயிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

நீச்சல் குளத்தை ஒட்டிய ஸ்பா அறை அது. நாலு சுவருக்கும் டைல்ஸ் கிடையாது, சுண்ணாம்புப் பூச்சுதான். சுண்ணாம்போடு பளிங்குத் தூளைக் குழைத்து அவர் பூசுவார். காய்வதற்குள் அவள் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவாள். கடைசியில் சோப்புக் கரைசல் கொடுத்து இன்னொரு முறை தேய்த்தால், மேலே படுகிற தண்ணீர் ஒட்டாமல் வழிந்து ஓடிவிடும். ஓடித்தான் ஆக வேண்டும். இந்த அறை தேறினால் குளத்தைச் சுற்றியுள்ள மண்டப வேலை முழுவதும் இவர்களுக்கு. தேறாவிட்டால் மொத்தத்தையும் கொத்திவிட்டு டைல்ஸ் ஒட்டிவிடுவேன் என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த மூலையை மெருகேற்றிய அன்று காலையில்தான் அவளுக்கும் புருஷனுக்கும் சண்டை. "உங்கண்ணனுக்கு வேலையைவிட வாய் ஜாஸ்தி" என்று அவர் சொல்லப்போக, பிறந்த வீட்டைச் சொன்னால் சும்மா இருப்பாளா? நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கல்லால் தேய்த்தாள். அந்தக் கோபத்தில் சோப்புக் கரைசல் கொடுத்தாளா இல்லையா என்பதே இப்போது நினைவுக்கு வரவில்லை. பாவி, நானே கெடுத்துவிட்டேனே என்று உள்ளுக்குள் குமைந்தாள்.

"மாப்ள! என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

வாசலில் அவளுடைய அண்ணன். பின்னாலேயே முதலாளி. அண்ணன் டைல்ஸ்காரர். இந்த வேலைக்கு மேஸ்திரியைச் சிபாரிசு செய்தவரே அவர்தான். ஈரம் என்று காதில் விழுந்ததும், தன் தலை உருளுமுன் முந்திக்கொண்டு முதலாளியைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

முதலாளி சுவரைப் பார்த்தார். "என்ன மேஸ்திரி, தண்ணி ஒட்டவே ஒட்டாதுன்னீங்க. இது குடிச்சுட்டு நிக்குதே!"

"ஒரு வாரம் டைம் கொடுங்க சார். அந்த இடத்தை என் செலவுல திரும்பப் பூசிடறேன். அதுவரைக்கும் குளத்துத் தண்ணியையும் வடிச்சிட்டா, ஈரக்காத்து இல்லாம நல்லா காயும்."

"நல்லா இருக்கே! உங்க சுவருக்காக நான் குளத்தைக் காலி பண்ணணுமா?"

"அப்படிக் கேளுங்க சார்!" என்றார் அண்ணன். "சுண்ணாம்பாவது, தண்ணிக்கு நிக்கறதாவது! டைல்ஸ் போடுங்கன்னு சொல்லணும்னு நான் அப்பவே நினைச்சேன்." சிபாரிசு செய்ததும் அதே வாய்தான். "பேசிட்டு இருந்தா ஆகாது. கொத்திப் பாத்துடலாம். உள்ள என்ன லட்சணத்துல பூசியிருக்காங்கன்னு தெரிஞ்சுடும்."

"மச்சான், வேண்டாம்." மேஸ்திரி எழுந்து சுவரை மறைத்துக்கொண்டு நின்றார். "சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். சுவரை மட்டும் உடைக்காதீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. யாரிடமும் தலை வணங்காத மனுஷன் கெஞ்சுகிறாரே! என் தப்பு தெரிந்துதான் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் மனுஷியே இல்லை.

"சார், தப்பு என்மேலதான். அந்த மூலையில நான்தான் சரியா சோப்புக் கொடுக்கல. அவரு பூச்சுல ஒரு குறையும் கிடையாது."

"நீ சும்மா இரு!" மேஸ்திரி சீறினார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். சுண்ணாம்பு சரியா ஊறறதுக்குள்ள அவசரப்பட்டு நான்தான் பூசிட்டேன். அந்த மண்டப வேலையே எனக்கு வேண்டாம், யாருக்கு வேணா கொடுத்துக்குங்க. கொத்த மட்டும் வேண்டாம்."

மண்டப வேலையே வேண்டாமா? அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆளுக்கு ஒரு தப்பு சொல்றீங்க. இதுல என்னமோ இருக்கு," என்ற முதலாளி, டைல்ஸ்காரரிடம் திரும்பினார். "உடைய்யா."

அண்ணன் அதற்காகவே காத்திருந்தவர்போல உளியையும் சுத்தியலையும் எடுத்தார். "நகருங்க மாப்ள. சொந்தம் வேற, தொழில் வேற."

முதல் அடியில் மெருகு விரிந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாவது அடியில் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அடுத்த அடியில் செங்கல் இடுக்கிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அண்ணனின் சட்டையை நனைத்தது. அறை முழுக்கக் குப்பென்று பிளீச்சிங் பவுடர் நெடி.

முதலாளி மூக்கைச் சுளித்தார். "இது குளத்துத் தண்ணியாச்சே! அந்தப் பக்கத்துலேர்ந்து ஒழுகுது..." என்றவர், மெல்ல அண்ணன் பக்கம் திரும்பினார். "குளத்துக்கு டைல்ஸ் ஒட்டினது நீதானேய்யா?"

மேஸ்திரி அண்ணன் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"நேத்தே மோந்து பாத்துட்டேன் மச்சான். குளத்தை வடிச்சு, உங்க டைல்ஸை யாருக்கும் தெரியாம சரி பண்ணிடலாம்னுதான் அந்த ஒரு வாரத்தைக் கேட்டேன்."