வேலுமணியின் நம்பர்

“மனிதக் கண்ணீர் வீணாகும் இடங்கள் இரண்டு. டி.வி.யில் வந்தவரின் சாவு, எருமப்பட்டி கபடி டீமின் ஃபைனல்” என்று கல்லூரி மாணவன் சந்தோஷ்குமார் அறிவித்தான்.

அம்மா மஞ்சுளா செல்போனைக் காதில் வைத்தபடி கண்ணைத் துடைத்தாள். அவள் கூப்பிட்டது, போன வாரம் இறந்துபோன லோக்கல் சேனல் அறிவிப்பாளர் வேலுமணியின் நம்பர். எருமப்பட்டி தோற்கும்போதெல்லாம் நேரலையில் போன் செய்கிறவர்களிடம் அவர், “மொதல்ல டி.வி. சத்தத்தைக் கொறைங்க சாமி. அப்பறம் சேந்து அழுவலாம்” என்பார்.

“அங்கெல்லாம் டவர் கெடைக்காதும்மா.”

“ரிங் போகுதில்ல சாமி. அது போதும்.”

“உனக்கு முத்திப்போச்சு.”

டி.வி.யில் ஃபைனல். இரண்டு டீமும் சமம், கடைசி ரைடு. பாடிப்போன எருமப்பட்டிக்காரனை நான்கு பேர் அமுக்கினார்கள்.

“இந்த வருசமும் போச்சு” என்று அம்மா போனைக் கீழே வைத்தாள்.

சந்தோஷ்குமார் மூச்சே விடவில்லை. அடியில் கிடந்தவன் இழுத்து இழுத்து வந்தான். ஒரு விரல் நடுக்கோட்டைத் தொட்டது.

விசில்.

எருமப்பட்டிக்கு முதல் கோப்பை! தெருவில் பட்டாசு வெடித்தது. அம்மா வாசலுக்கு ஓடினாள்.

“சந்தோசு, வெளிய வாடா!”

“வாரேன்மா” என்றவன் அம்மாவின் செல்போனை எடுத்து, அதே நம்பரை மறுபடி அழுத்திக் காதில் வைத்தான்.

பிறகு ரிமோட்டைத் தேடி, டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.