நின்ற இடம்

“எங்க நின்னும்மா இதை வரைஞ்சே?”

மருமகள் துணியை விலக்கிப் படத்தைக் காட்டிய மறுகணமே மாமனார் கேட்ட கேள்வி அது. படம் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் சொல்லவில்லை.

“என் கால்லதான் மாமா,” என்றாள் அவள்.

கூடத்தின் மறுமூலையில் படச் சட்டங்களுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த கணவன், சிரிப்பை மறைக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாமனார் நகரத்து ஓவியர் சங்கத்தின் தலைவர். ஆண்டுக் கண்காட்சியில் எந்தப் படம் இடம்பெறலாம் என்பதில் அவர் சொல்லே முடிவு. சங்கத்துக்கு இருந்த விதி ஒன்றுதான்: நேரில் பாராத காட்சியை அங்கே மாட்டக் கூடாது. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவர்களையும், அறைக்குள் உட்கார்ந்தபடியே மலை எழுப்பியவர்களையும் அவர் தயவு தாட்சண்யமின்றித் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்போது மருமகளின் முறை.

படத்தில் இரட்டைச் சிகரம் நின்றது. அதன் கீழே ஒரு வெண்சமவெளி. அதில் ஒற்றை ஆளின் காலடித் தடங்கள். குளிர்காலம்தோறும் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் நடக்கக் கிளம்பிவிடுவது அவள் வழக்கம். அந்தக் குளிரில் தூரிகை எடுத்தால் வண்ணம் தாளிலேயே விறைத்துப்போகும். ஆகவே அங்கே பென்சில் கோடுகளை மட்டும் போட்டு, நிறங்களைக் கண்ணில் சுமந்துவந்து வீட்டில் தீட்டுவாள்.

மாமனாரின் ஆட்சேபம், இரு சிகரங்களுக்கும் நடுவே தெரிந்த வானத்தைப் பற்றியது. அதே மலையைக் கோடைதோறும் வரைந்தவர் அவர். அங்கே தீட்டிய ஏரிக்கரைப் படங்களே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அந்தப் பள்ளத்தாக்கில் தாம் நின்று வரையாத இடமே கிடையாது என்றும், எங்கிருந்து பார்த்தாலும் ஒரு சிகரம் மற்றொன்றைப் பாதி மறைத்தே தீரும் என்றும் விளக்கினார்.

“ரெண்டும் இப்படி விலகித் தெரியணும்னா ஒண்ணு மலை நகரணும், இல்ல நீ பறக்கணும். இதுல இந்த மைதானம் வேற. அங்க நாலு பேர் சேர்ந்து பந்து விளையாடக்கூட இடம் கிடையாது. யாரை ஏமாத்தறே?”

கடைசிச் சொல் சற்று உரக்கவே விழுந்தது. ஆணி அடிக்கும் ஓசை நின்றுபோயிற்று.

வேறு ஏதாவது படத்தைக் கொடுத்தால் போயிற்று என்று கணவன் சமாதானம் பேச வந்தான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

“படம் திரும்பி வந்தாப் பரவாயில்ல மாமா. பொய்னு சொல்லித் திரும்பி வரக் கூடாது. ஞாயித்துக்கிழமை என்கூட வாங்க. நான் நின்ன இடத்துல உங்களை நிக்க வைக்கறேன். அங்க ரெண்டு சிகரமும் ஒட்டிக்கிட்டு இருந்தா, அப்புறம் நான் தூரிகையைத் தொடவே மாட்டேன்.”

“இந்தக் குளிர்லயா?”

“குளிர்லதான்.”

மாமனாருக்குக் குளிர்காலம் என்றால் கணப்பும் கம்பளியும்தான். பனி விழத் தொடங்கிவிட்டால் அவர் மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் மருமகளிடம் பின்வாங்குவது அந்தப் பனியை விடக் கடுமையாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வருவதாக ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்தைவிட்டு இறங்கியதும், அவருக்குப் பழக்கமான கோடைப் பாதையை ஒதுக்கி, ஊசியிலைக் காட்டின் வழியே அவள் மாமனாரையும் கணவனையும் அழைத்துச் சென்றாள். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் புலப்படவில்லை. மரங்கள் முடிந்ததும் தரை சமமாயிற்று. இரும்புப் பூண் போட்ட கழியால் பனியைத் தட்டித் தட்டிப் பார்த்தபடி அவள் முன்னே நடந்தாள்.

“என்ன, பாம்பு விரட்டறியா?” என்றார் மாமனார்.

“பழக்கம் மாமா. ரெண்டு பேரும் ஒட்டி வராதீங்க. கொஞ்சம் தள்ளித் தள்ளி வாங்க.”

தம் மூச்சிரைப்பைக் கேட்கச் சகிக்காமல்தான் இப்படிச் சொல்கிறாள் என்று அவர் மகனிடம் முறையிட்டார். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் மகன், அன்று வாயைத் திறக்காமல் தன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

ஓரிடத்தில் அவள் நின்றாள். காத்திருக்கச் சொன்னாள். வெயில் ஏற ஏற மூடுபனி கந்தலாகிக் கலைந்தது. முதலில் ஒரு சிகரம். பிறகு, அதை விட்டு நன்றாக விலகி, மற்றொன்று. இடையே அவள் தீட்டிய அதே வெளிர்நீல வானம். சுற்றிலும் மாசற்ற வெண்சமவெளி. பின்னால் அவர்கள் மூவரின் காலடித் தடங்கள்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். தோற்றதை ஒளிக்கத் தெரியாத மனிதர் அவர்.

“கண்காட்சி நடுச்சுவர்ல இருக்கற என் படத்தை இறக்கிட்டு உன் படத்தை மாட்டறோம். நாளைக்கே.” குரலில் வருத்தம் சிறிதும் இல்லை, ஆசைதான் இருந்தது. “எத்தனை வருஷமா சுத்தறேன், இந்த மைதானம் எப்படிம்மா என் கண்ல படாமப் போச்சு? வெயில் காலம் வரட்டும், நானும் இதே இடத்துல உக்காந்து வரையறேன். டேய், அடையாளத்துக்கு இங்க ஒரு கட்டையை அடிச்சு வைடா.”

இடத்தைக் காட்டுவதற்காக அவர் கைத்தடியை ஓங்கினார். மகன் பாய்ந்து அதைப் பிடித்துக்கொண்டான்.

“கட்டையெல்லாம் நிக்காது மாமா,” என்றாள் மருமகள், காலடிப் பனியைக் காலணியால் மெல்ல ஒதுக்கி, அடியில் கண்ணாடிபோல் உறைந்திருந்ததைக் காட்டியபடி. “வெயில் காலத்துல இந்த இடத்துக்கு வரணும்னா, உங்க ஏரியில படகு எடுத்துக்கிட்டுத்தான் வரணும்.”