மேடத்தின் குருமா

அதிகாரி மேடம் அழகம்மாளின் தூக்குவாளியைத் திறந்து பார்த்தார். சோற்றின் மேல் உருளைக்கிழங்குப் பொரியல்.

அடுத்தது என்னுடையது. உருளைக்கிழங்குப் புளிக்குழம்பு.

வேலுச்சாமி மட்டும் வேறு மாதிரி கொண்டுவந்திருந்தான். அவித்த உருளைக்கிழங்கு.

மேடத்தின் முகம் மாறிவிட்டது. மேஸ்திரி ராஜமுருகன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மேல்மலையில் எங்களுடையது சோதனை வயல். இலைக் கருகல் நோயைத் தாங்குகிற மாதிரி மரபணுவை மாற்றிய உருளைக்கிழங்கு. தின்னலாமா கூடாதா என்று அரசாங்கம் இன்னும் சொல்லவில்லை. சொல்கிறவரை ஒரு கிழங்குகூட வேலியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வயலுக்குப் பூட்டு, எங்கள் பிழைப்புக்கும் சேர்த்து.

நேற்றுத்தான் தோண்டினோம். இன்று காலை மேடத்தின் கண் முன்னால் அத்தனையையும் குழியில் போட்டு எரித்து மூடினோம். சுட்ட கிழங்கு வாசனையில் வயிறு கத்த, சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் கூத்து.

நேற்றுப் போகும்போது செருப்பைக் கழுவி, மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போனோம் என்று எல்லோரும் சொன்னோம். மலையில் இது கிழங்குக் காலம், எந்த வீட்டு அடுப்பிலும் இதுதான் வேகும் என்றும் சொன்னோம்.

மேடம் பொறுமையாகக் கேட்டார். நாம் சொன்னால் போதாது, ஆய்வகம் சொல்ல வேண்டும் என்றார்.

ராஜமுருகன் பிளாஸ்டிக் பைகளை எடுத்து வந்தார். ஒவ்வொருவர் கிழங்கையும் வழித்துப் போட்டு, பெயர் ஒட்டினார். எங்களுக்கு வெறும் சோறு மிஞ்சியது.

அந்த நேரம் பார்த்து டிரைவர் டிக்சன் மேடத்துக்கு வாங்கி வந்த சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தான். செண்பகனூர்க் கடைச் சப்பாத்தி. மேடம் குருமா டப்பாவின் மூடியைத் திறந்தார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

அழகம்மாள் வாயைத் திறந்தாள்.

"ராஜமுருகண்ணே, இன்னொரு பை கெடக்கா? மேடத்துக்கும் கெழங்குதான் வந்திருக்கு."

ராஜமுருகன் மலையைப் பார்த்தார். நான் என் சோற்றைப் பார்த்தேன்.

மேடம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. பையை வாங்கி, குருமாவைத் தானே ஊற்றி, தன் பெயரை எழுதி ஒட்டினார்.

வண்டியில் ஆயக்குடிக் கொய்யா இருந்தது. டிக்சன் ஆளுக்கு ஒன்று கொடுத்தான். நாங்கள் வெறும் சோற்றுக்கும், மேடம் வெறும் சப்பாத்திக்கும் கொய்யாவைக் கடித்துக்கொண்டோம். ராஜமுருகன் மட்டும் டிக்சனிடம், இது எந்தத் தோட்டத்துக் காய் என்று விசாரித்துவிட்டுத்தான் கடித்தார்.

ஆய்வக முடிவு வந்த அன்று, ராஜமுருகன் வரப்பில் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தார். எல்லாம் ஊர்க்கிழங்கு. அடுத்த போகத்துக்கும் வேலை உண்டு.

நாங்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தோம். அழகம்மாள் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒரு பெயர் பாக்கி என்றாள்.

ராஜமுருகன் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

மேடமும் பாஸ்.