தொட்டியில் தேங்கிய தண்ணீர்

"பூச்சி தின்னுற செடிக்கு எந்த நேரமும் தண்ணி நிக்கோணும், அனுஷியா. நீங்கள் ஏன் அள்ளி ஊத்துறீங்கள்?"

கொழும்பு வெள்ளவத்தையில் இரண்டு வீட்டுக்கும் பொதுவான முற்றத்தில், தன் செடித் தொட்டியருகே குவளையோடு நின்ற பக்கத்து வீட்டுக்காரியைத் தயாபரன் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"மேல தேங்கிறதைத்தான் எடுக்கிறன், அண்ணை. மண் ஈரமாத்தானே கிடக்கு."

"நான் ஆசையா வளர்க்கிறது உங்களுக்குப் பொறுக்கேல்லை!"

அவள் குவளையைத் தொட்டியருகே வைத்தாள். வாசலில் நின்ற, காய்ச்சலில் மெலிந்த மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆத்திரம் அடங்காத தயாபரன், அவள் வீட்டில்தான் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் போட்டார்.

மறுநாள் வந்த பரிசோதகர் அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தொட்டியருகே நின்ற தயாபரனிடம் வந்தார்.

"அங்க ஒண்டும் இல்லை. போன மாதம் உங்கட தொட்டியிலதான் நுளம்புக் குடம்பிப் புழு நெளிஞ்சது. நீங்கள் வேலைக்குப் போயிட்டீங்கள். உங்களில வழக்குப் போட வெளிக்கிட்ட என்னை அனுஷியாதான் மறிச்சவ. தண்ணியைத் தான் பார்த்துக்கொள்ளுறன் எண்டு சொன்னவ."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"தன்ர மகளுக்கு டெங்கு வந்தது இதாலதான் எண்டு தெரிஞ்சால் அண்ணை உடைஞ்சுபோவார், சொல்லாதேங்கோ எண்டவ."

அப்போது சிறுமி ஓடிவந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

"மாமா, செடி இண்டைக்கு நுளம்பு பிடிச்சதோ?"

தயாபரன் குவளையை எடுத்து, மேலே தேங்கிய தண்ணீரை அள்ளி ஊற்றினார்.